பஸ்சில் பக்கத்து சீட்டு

ஊரில பஸ் ஏறி பாறசாலையில எறங்குறதுக்குள்ள, பக்கத்து சீட்டுக்காரனுக்க மச்சினன் என்ன வேலைக்குப் போறான்னு வரைக்கும் எனக்குத் தெரிஞ்சிரும். அதாக்கும் எனக்க ஒரே திறமை. "இந்த வாயை வச்சு பஸ்சே ஓட்டலாமே"ன்னு வீட்டுக்காரி சொல்லுவா. அவ செத்துப் போன பிறகு வீட்டில சத்தம் போடுறதுக்கு பிரிட்ஜ் மட்டும் உண்டு. அது முக்கும், நான் "என்னடே"ன்னு கேப்பேன்.

போன்ல பேசும்போ இதை தமாசா சொன்னேன். மக சிரிக்கல. நார்வேக்க வடக்குக் கோடியில நர்சா இருக்கா அவ.

"அப்பா, இந்த குளிருகாலம் இஞ்ச வந்து நில்லுங்க. சூரியன் திரும்ப வாற அன்னைக்கு சொல்லுங்க, என்கூடயே இருக்கியளா, ஊருக்குப் போறியளான்னு."

சூரியன் எங்க போச்சு திரும்ப வாறதுக்குன்னு கேட்டேன். போனப்பதான் தெரிஞ்சு. அங்க குளிருகாலத்தில சூரியன் மலைக்க அந்தப் பக்கம் எறங்கினா ரெண்டு மாசத்துக்குத் தலை காட்டாது. உச்சைக்குக் கொஞ்ச நேரம் வானம் நீலமாகும், நம்ம ஊரில விளக்கு வைக்குத நேரம் மாதிரி. அவ்வளவுதான் பகல். எல்லா வீட்டு சன்னல்லயும் ஒரு விளக்கு எரியும். திருக்கார்த்திகை மாதிரி இருக்கும், ஆனா வாசல்ல ஒரு ஆளு நிக்காது.

போன புதுசில வேட்டியை அலசி வெளிய போட்டேன். எடுக்கப் போனா அது பலகை மாதிரி வெறைச்சு நிக்குது. மக பாத்துட்டு சொன்னா: "பாத்ரூம் கதவு இளகிக் கிடக்கு அப்பா. அதுக்குப் பதிலா இதை மாட்டிருவோம்."

அவ டியூட்டிக்குப் போனா நான் தனி. ஒரு நாளு சும்மா பஸ் ஏறினேன். பஸ் முழுக்க காலி, சன்னலோரம் ஒரே ஒரு பெரியவர். எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோஷம். நேரே போய் அவருக்க பக்கத்தில உக்காந்தேன். பாஷை தெரியாது, அது ஒரு குறையா? சிரிச்சேன். கையை உரசிக்கிட்டு "கோல்டு"ன்னேன். அவரு தலையாட்டினாரு. அடுத்த ஸ்டாப்பில எறங்கி பனியில நடந்தாரு. பஸ் அவரைத் தாண்டிப் போகும்போ கையாட்டினேன். அவரு பாக்கல.

மக வந்ததும் சொன்னேன். அவளுக்கு சிரிப்பு அடங்கல.

"காலி சீட்டு கிடக்கும்போ இஞ்ச ஆரும் ஆருக்க பக்கத்திலயும் உக்காரமாட்டாவ அப்பா. அது மரியாதை."

"என்ன மரியாதை? மனுசன் பயந்துல்லா எறங்கிப் போனாரு."

"அவருக்கு எறங்குற எடமா இருக்கும்."

அந்த ஸ்டாப்பில ஒரு வீடு கூட இல்லைன்னு நான் சொல்லல. பிறகு நானும் காலி சீட்டு பாத்து உக்காரப் படிச்சேன்.

சூரியன் வந்த அன்னைக்கு ஊரே மலையைப் பாத்து நின்னு. ஜாம் வச்ச உருண்டை பன் எல்லாருக்கும் உண்டு, சூரியனுக்கு உள்ள பலகாரமாம் அது. மலை விளிம்பில ஒரு கீத்து காட்டிட்டு அப்பவே சூரியன் உள்ள போச்சு. எனக்க மீசையில பாதி ஜாம். மக பன்னைக் கடிக்காம என்னையே பாத்தா.

"ஊருக்குப் போறேன் மக்கா. அங்க நாலு ஆளு பேசும்."

"தெரியும் அப்பா"ன்னுட்டு மூக்கைத் துடைச்சா. அந்தக் குளிரில எல்லாருக்கும் மூக்கு ஒழுகும்.

வந்து கொஞ்ச நாளு கழிச்சு நெய்யாற்றின்கரைக்கு பஸ் ஏறினேன். உச்சை வெயிலு, பாதி சீட்டு காலி. பழக்கதோசத்தில தனியா போய் உக்காந்தேன். பாறசாலையில ஏறின ஒருத்தர் அத்தனை சீட்டையும் விட்டுட்டு நேரே எனக்க பக்கத்தில வந்து உக்காந்தாரு. நம்ம சாதிதான், வாய்க்காரன்.

"அண்ணன் எங்க எறங்கணும்?"

"நெய்யாற்றின்கரை."

"பிள்ளைய உண்டா?"

"ஒரு மக. வெளிநாட்டில."

"அப்ப வீட்டில அண்ணனும் அண்ணியுமாக்கும்."

எத்தனை பேருகிட்ட நான் கேட்ட கேள்வி இது. அமரவிளையில பஸ் நின்னு. எறங்கிட்டேன். நெய்யாற்றின்கரைக்கு இனியும் நல்ல தூரம் உண்டு. வெயிலில நடந்தேன். பஸ் என்னைத் தாண்டிப் போகும்போ அந்த ஆளு சன்னல் வழியா கையாட்டினாரு. எனக்குக் கை எழும்பல.