லிமிடெட் எங்கே நிற்கும்?

என் காரின் முழு வேகத்தை நான் பார்த்ததில்லை. எனக்கு அதை விற்றவரும் பார்த்திருக்க மாட்டார். இராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரை சாலை என்னவோ நேர்தான். ஆனால் இருபுறக் கருவேலங்காட்டிலும் ஆடுகள் தலையை நீட்டிக்கொண்டு, நான் மூன்றாவது கியரிலிருந்து நான்காவதுக்கு மாறட்டும் என்று காத்திருக்கும். மாறியதும் குடும்பத்தோடு சாலையைக் கடக்கும்.

இரண்டாயிரம் பிறந்த புதிது. கார் பல கை மாறி வந்த ஜப்பான் செடான். பின்சக்கரங்கள் தள்ளுகிற ரகம். பழைய முதலாளி பந்தய ஆசையில் அதைத் தரையோடு தரையாகத் தாழ்த்தியிருந்தார். கார்ப் பத்திரிகைகளைக் கடையில் நின்றுகொண்டே படித்துத் தேர்ந்தவன் நான். அந்தப் படிப்பின்படி வண்டியில் ஒரே குறைதான் இருந்தது: இஞ்சின் பலத்தை ஒரே பின்சக்கரம் விழுங்கிவிடாமல் இரண்டுக்கும் பங்கிடும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் இல்லை. அதைக் கோயம்புத்தூரில் ஒரு பந்தயப் பட்டறையிலிருந்து வரவழைத்தேன். உள்ளூர் மெக்கானிக் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"ஸ்லிப்புன்னா வழுக்குறதுதான சார்? அதக் காசு குடுத்தா வாங்குவாக?"

"லிமிடெட் ஸ்லிப். அளவா வழுக்கும்."

"அப்ப சரி" என்று பெருந்தன்மையாக மாட்டிக் கொடுத்தார்.

அந்த வாரம் முதுகுளத்தூர்ப் பக்கத்து ஊரிலிருந்து மாமனார் வந்திருந்தார். மிளகாய் விவசாயி. கல்யாணமாகிப் பதினைந்து வருடத்தில், தேங்காய்ப் பையைத் தூக்குவதைத் தாண்டி எந்தப் பொறுப்பையும் என்னை நம்பிக் கொடுத்ததில்லை. அந்த முறை அவருடைய அய்யாவின் திதியைத் தனுஷ்கோடியில், இரண்டு கடலும் சேரும் முனையில் கொடுக்க வேண்டும் என்றார். புரோகிதர் விடியலிலேயே போய்க் காத்திருப்பாராம். உச்சிக்குள் முடிந்தாக வேண்டும். தார்ரோடு முகுந்தராயர் சத்திரத்தோடு முடிந்துவிடும். அதற்கப்பால் மணலில் குலுங்கிக் குலுங்கிப் போகும் வேன்கள்தான்.

"வேன் எதுக்கு மாமா? நம்ம கார்லயே முனை வரைக்கும் போயிருவோம்."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தலையை உள்ளே இழுத்துக்கொண்டாள். வேண்டாமென்று சொல்லியிருக்கலாம்.

மாமனாருக்குப் பாடம் எடுத்தேன். "சாதாரண டிஃபரன்ஷியல் எப்படின்னா மாமா, ரெண்டு மகன் இருக்கற தகப்பன் மாதிரி. ஒருத்தன் மணல்ல வெட்டியாச் சுத்துவான், தகப்பன் சம்பாதிச்சதெல்லாம் அவனுக்கே போகும். உழைக்கிறவனுக்கு ஒண்ணும் கிடைக்காது. இந்த லிமிடெட் ஸ்லிப் அதத் தடுக்கும்."

மாமனாருக்கு இரண்டு மகன்கள் என்பதும், மூத்தவர் என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதும் சொல்லி முடித்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அவராகவே பேச்சை மாற்றினார். "அதுக்குச் சுருக்கமா என்ன பேரு சொன்னீக?"

"எல்.எஸ்.டி."

அவர் முகம் தெளிந்தது. கண்ட இடத்தில் நிற்காத பஸ்ஸின் நெற்றியில் எல்.எஸ்.எஸ். என்று எழுதியிருக்குமே, 'லிமிடெட்' என்போமே, அதில் பலமுறை மதுரை போனவர். "லிமிடெட்டா! அதச் சொல்லுங்க மாப்ள. நடுவுல எங்கயும் நிக்காது." எனக்கும் திருத்த மனம் வரவில்லை. அவர் முதல்முறையாக என்னை நம்புகிறார். காரணம் எதுவாக இருந்தால் என்ன?

திதியன்று காலை சத்திரத்தில் வேன்காரர் ஒருவர் கையைக் காட்டி மறித்தார். "காரு இங்கனயே நிக்கணும் சார். அங்கிட்டு மணலு."

"இதுல எல்.எஸ்.டி. இருக்கு."

"அது எந்த ஊரு பெர்மிட்டு சார்?"

காரை மணலில் இறக்கினேன். கார் போனது. பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே போனது. மடியில் எள்ளும் தர்ப்பையும் வைத்திருந்த பித்தளைச் சொம்போடு மாமனார் இரண்டு பக்கமும் கடலைப் பார்த்தார்.

"பரவால்லயே மாப்ள. போகுதே!"

அந்தப் பாராட்டுதான் கெடுத்தது. காலை அழுத்தினேன். பழைய டிஃபரன்ஷியலாக இருந்தால் ஒரு சக்கரம்தான் குழி தோண்டியிருக்கும். இப்போது இரண்டு மகன்களும் சமபங்கு வாங்கிக்கொண்டு, ஒற்றுமையாக, அகலமாகத் தோண்டினார்கள். ஏற்கனவே தாழ்த்தப்பட்ட வண்டி வயிற்றைப் பரப்பிக்கொண்டு மணலில் உட்கார்ந்தது. இஞ்சினை அணைத்தேன்.

மாமனார் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு குடிசைகூட இல்லை. அவர் கேலி செய்யவில்லை, உண்மையாகவே கேட்டார்:

"இங்கன ஒரு ஸ்டாப்பிங்கா மாப்ள?"

கதவு மணலில் இடித்துக் கால்வாசிதான் திறந்தது. சொம்பை முதலில் வெளியே கொடுத்துவிட்டு, வேட்டியை இறுக்கிக்கொண்டு, பக்கவாட்டில் நழுவி வந்தார். வெயில் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. இருவருமாகத் தள்ளினோம். மேலும் இறங்கியது. என் தவறால் ஒரு மனிதருடைய தகப்பனார் பசியோடு இருக்கப் போகிறார் என்ற எண்ணம் வந்ததும் சக்கரத்தடி மணலை இரண்டு கையாலும் வாரித் தள்ளினேன்.

சத்திரத்தில் மறித்தாரே, அதே வேன்தான் வந்தது. உள்ளே ஏற்கனவே ஒருவர் மடியில் ஒருவர்.

"பெரியவரே, ஏறுங்க. சார், உங்க பெர்மிட்டுக் காலாவதியாயிருச்சு போல."

மாமனாரை மட்டும் அள்ளிக்கொண்டு போனது. நான் காரோடு நின்றேன். ஒரு காகம் பானெட்டில் வந்து உட்கார்ந்து என்னை ஒருமாதிரி பார்த்தது. அது யாரோ, எவரோ என்று நினைத்து நான் மரியாதையாகத் தள்ளி நின்றேன்.

வேன் திரும்பியபோது மாமனார் ஈர வேட்டியும் நெற்றி நிறையத் திருநீறுமாக இறங்கினார். நான் கேட்கும் முன்பே சொன்னார்: "உச்சிக்குள்ள முடிஞ்சுருச்சு மாப்ள. பிண்டத்த வச்ச ஒடனே காக்கா எடுத்துருச்சு."

வேன்காரர் கயிறு கட்டி இழுக்க, யாத்ரீகர்கள் தள்ள, கார் வெளியே வந்தது. நான் கதவைத் திறந்து பிடித்தேன். மாமனார் வேனில் ஏறிக்கொண்டிருந்தார்.

"நான் இதுல வாரேன். நீங்க லிமிடெட்ல வாங்க."

சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் அவர் சொல்லிவிட்டார். அதன் பிறகு குடும்பத்தில் என் காருக்கு 'லிமிடெட்டு' என்றே பெயர். நிற்கும் இடம் ஒன்றுதானாம், ஆனால் நின்றால் கிளம்பாதாம்.

அடுத்த வருடம் திதி நெருங்கியபோது ஊரிலிருந்து அவரே போன் செய்தார்.

"மாப்ள, நீங்கதான் கூட்டிட்டுப் போகணும். லிமிடெட்டக் கொண்டாங்க."

"மாமா, முனை வரைக்குமா?"

"தார்ரோடு முடியிற வரைக்கும். அதுக்கு அங்கிட்டு ரெண்டு பேரும் வேன்ல போயிருவோம். அந்த வேன்காரருக்கு முன்கூட்டியே சொல்லி வச்சுட்டேன்."