சிலுவையம்மாளின் ஐந்தாவது பட்டை

தனக்குக் கோபமே வராது என்று ராயபுரம் சிலுவையம்மாள் சொல்லிக்கொள்வாள். வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. தையலில் குறை கண்டவரைப் பார்த்தால் கோயில் பூசையிலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவள் அவள்.

1968-ல் திருவொற்றியூரில் ஒரு பட்டறையில் பட்டை தைத்துக்கொண்டிருந்தாள். போர் விமானம் பழுதானால் விமானியை இருக்கையோடு வெளியே தூக்கியடிப்பார்களே, அந்த இருக்கையில் ஆளைக் கட்டிவைக்கும் பட்டை. தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, நான்கும் வயிற்றருகே ஒரு பூட்டில் சேரும். சோதனைக்கு ஒரு மணல் பொம்மையைக் கட்டி, இருக்கையைச் சங்கிலியில் தூக்கி, முன்பக்கமாகக் கவிழ்த்துக் குலுக்குவார்கள். மூன்று முறை குலுக்கினார்கள். மூன்று முறையும் பொம்மை கால் பக்கமாக நழுவித் தொப்பென்று விழுந்தது.

சூப்பர்வைசர் சுப்பராயன் தோள்பட்டையை இறுக்கிப் பார்த்தார். இறுக்க இறுக்க இடுப்புப் பட்டை மார்புக்கு ஏறியதே தவிர, பொம்மை நிற்கவில்லை.

"தையல் நெகிழுது. வெள்ளிக்கெழம ஆபீசர் வர்றாரு. அன்னிக்கும் வுழுந்துச்சுன்னா நீ வூட்டோட இருந்துக்க சிலுவம்மா."

தையல் நெகிழ்கிறது என்றதில் அவளுக்கு வயிறு எரிந்தது. வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாதே என்று நினைத்ததும் அழுகையும் வந்தது.

அவள் புருஷன் அம்புரோஸ் துறைமுகத்தில் கயிற்றில் தொங்கியபடி கப்பலுக்குப் பெயிண்ட் அடிப்பவன். அவனுக்குச் சோறு போடும்போது புலம்பித் தீர்த்தாள். அவன் மீன்முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னான்:

"இடுப்புல மட்டும் கட்டுனா கயிறு அக்குளுக்கு ஏறிக்கும், ஆளு நழுவிடுவான். நாங்க தொட நடுவுல ஒண்ணு வுட்டு, இடுப்புக் கயித்தக் கீழ இழுத்துக் கட்டிக்கினுதான் எறங்குவோம். இதுகூடத் தெரியாம இன்னாத்த பிளேன் வுடுறானுங்க?"

புதன்கிழமை, இருக்கையின் அடியிலிருந்து கால்களுக்கு நடுவே வந்து பூட்டில் மாட்டும்படி ஐந்தாவதாக ஒரு பட்டையைத் தைத்து முடித்தாள்.

"இன்னா சிலுவம்மா, பிளேன் ஓட்றவனுக்குக் கோமணம் கட்றியா?" என்றார் சுப்பராயன். பட்டறையே சிரித்தது.

"மணலுக்கு இன்னா தெரியும்? நீ குந்து சார்."

அத்தனை பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? உட்கார்ந்தார். அவளே பூட்டை மாட்டி, அவளே சங்கிலியை இழுத்தாள். இருக்கை ஏறிக் கவிழ்ந்தது. ஒரு குலுக்கு, இன்னொரு குலுக்கு. பேனா விழுந்தது, பொடி டப்பா விழுந்தது. சுப்பராயன் விழவில்லை. இடுப்புப் பட்டை இருந்த இடத்தைவிட்டு ஒரு விரற்கடைகூட ஏறவில்லை.

"எறக்கும்மா!"

"எறக்குறேன் சார். தையல் நெகிழுதா?"

"இல்ல தாயி."

"காதுல வுழல."

"தையலு இரும்பு மாரி கீது! நீ எங்கயும் போவாத!"

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்து பார்த்து, சரி என்று கையெழுத்துப் போட்டார். சிலுவையம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவளுக்கு வேண்டியது புதன்கிழமையே கிடைத்துவிட்டது.