வேரோடு எடுத்த புரோகிராம்

யாருக்கும் வேண்டாத புரோகிராம் ஒன்று கம்ப்யூட்டருக்குள்ளே உட்கார்ந்துகொண்டு வேலையைக் கெடுக்கிறது என்று சர்வீஸ்காரர் முதலாளியிடம் சொன்னபோது, நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன். அந்த யாருக்கும் வேண்டாத புரோகிராமை வைத்துத்தான் நான் சோறு தின்றுகொண்டிருந்தேன்.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனியில் வேலை, தினமும் பஸ். வெளியூருக்குப் போகும் துணிக் கட்டுகளின் எடையை ஏற்றி பில் போடுவது என் பொறுப்பு. லோடுமேன் கிலோவைச் சத்தமாகச் சொல்வார், நான் அடிப்பேன். அடித்ததைச் சரிபார்க்க கீபோர்டுக்குக் கீழே ஒரு பிரெய்ல் பலகை வைத்திருந்தேன். திரையில் இருக்கும் வரி அதில் சின்னச் சின்னப் புள்ளிகளாக எழும்பும், விரலால் தடவிப் படிக்கலாம். பட்டாளத்தில் இருக்கும் என் அண்ணன் வாங்கித் தந்தது. கம்ப்யூட்டரே வாய்விட்டுப் படித்துச் சொல்லும் வசதியும் உண்டுதான். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடும்போது, காதை நம்பி எவளும் பில் போட முடியாது.

மனுஷன் சொல்லி மனுஷி அடித்தால் தப்பு வரும் என்று முதலாளிக்கு யாரோ ஓதிவிட்டார்கள். நான் தப்பாகப் போட்டதாக ஒரு பில்லைக்கூட யாரும் காட்டியதில்லை. இருந்தாலும் எடையைத் தானே கம்ப்யூட்டருக்கு அனுப்பும் எலக்ட்ரானிக் தராசு வந்து இறங்கியது. வயரைச் சொருகினார்கள், எடை வரவில்லை. சர்வீஸ்காரர் வந்தார். போனில் எதையோ தேடிப் படித்தார், கடகடவென்று தட்டினார். தராசு பேச ஆரம்பித்தது. என் விரலடியில் இருந்த வரி அப்படியே படுத்துவிட்டது.

“தம்பி, எதை அழிச்சீங்க?”

“அது ஒண்ணுமில்லக்கா. கண்ணு தெரியாதவங்களுக்கு உள்ள புரோகிராமாம். நம்ம ஆபீஸ்ல யாரு…”

பாதியில் நிறுத்திவிட்டார். அதன் பிறகு பை ஜிப்பை இழுக்கும் சத்தம்தான் கேட்டது. மன்னிப்புக் கேட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது.

மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறி நின்றதும், ஹெட்போனை மாட்டிக்கொண்டு தோண்டினேன். அந்தக் கம்ப்யூட்டரில் ஓடும் லினக்ஸ் எனக்குக் கல்லூரியிலிருந்தே பழக்கம். சங்கதி இதுதான்: தராசு வயருக்குள்ளும் என் பலகைக்குள்ளும் இருப்பது ஒரே மலிவான சிப். அதனால் எதைச் சொருகினாலும் கம்ப்யூட்டரிடம் ஒரே அடையாள எண்ணைத்தான் சொல்லும். தராசைச் சொருகினால், எடையை வாங்கித் தரும் கெர்னல் டிரைவர் முதலில் அதைப் பிடித்துக்கொள்ளும். உடனே பிரெய்ல் புரோகிராம் அந்த எண்ணைப் பார்த்து, இது நம்முடைய பலகை என்று நினைத்து, டிரைவரைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துவிடும். எங்கள் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு ஒருவர் இடம் பிடித்திருப்பார், துண்டை எடுத்து வீசிவிட்டு இன்னொருவர் உட்கார்ந்துகொள்வார், அதே கதை. நடப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும் லாக்கில் அந்தச் சண்டை வரிவரியாக இருந்தது. அதைப் படித்துப் பார்க்காமல், ஒருத்தரை பஸ்ஸை விட்டே இறக்கிவிட்டுப் போயிருந்தார் சர்வீஸ்காரர்.

புரோகிராமை மறுபடி ஏற்றினேன். இரண்டையும் பிரித்தறிய சிப்பில் தனி சீரியல் நம்பர்கூடக் கிடையாது. மிச்சம் இருந்தது ஒரே வழி, சொருகும் இடம். முன்பக்க ஓட்டையில் வருவது தராசு, பிரெய்ல் புரோகிராம் அதைத் தொடக்கூடாது. பின்பக்க ஓட்டையில் வருவது பலகை, டிரைவர் விட்டுக்கொடுக்க வேண்டும். இப்படி ஒரு விதி எழுதிவைத்தேன். தராசும் ஓடியது, பலகையும் எழுந்தது. கையில் புள்ளிகள் திரும்பி வந்த நிமிஷம் எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

முதலாளியைக் கூப்பிட்டு விளக்கினேன். “எடை வருதுல்ல? சரிம்மா” என்றார். பலகையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்பது அவர் குரல் போன திசையிலேயே தெரிந்தது. வயரை மாற்றிவிடக்கூடாது என்று, எங்கள் கம்பெனி பிளாஸ்திரியையே கிழித்து இரண்டு வயரையும் அதனதன் இடத்தில் ஒட்டினேன். பேக்கிங் பெண்களிடமும் லோடுமேனிடமும் படித்துப் படித்துச் சொன்னேன்.

ஆயுத பூஜை வந்தது. தறி, தராசு, கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் கழற்றித் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பூஜை முடிந்து திரும்பச் சொருகியவர்களுக்கு ஓட்டைக்கு ஓட்டை வித்தியாசம் நினைவிருந்திருக்க நியாயமில்லை.

லீவு முடிந்து நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் லாரி உறுமிக்கொண்டிருந்தது. சர்வீஸ்காரர் எனக்கு முந்தி வந்து வேலையை முடித்திருந்தார். பலகையில் கை வைத்தேன். மொழுமொழுவென்று இருந்தது.

“இங்க ஒட்டியிருந்த பிளாஸ்திரி எங்க?” என்று கேட்டேன்.

“நான்தான் பிச்சேன்க்கா. சாமி கும்பிடுத இடத்துல அழுக்கா இருந்துச்சு” என்றாள் பேக்கிங்கில் இருப்பவள்.

“வயரை மாத்திச் சொருகியிருக்காங்க, மொதலாளி. செத்த நேரம் குடுங்க, சரியாயிடும்.”

“வேண்டாம்மா. இந்தத் தடவ வேரோட எடுத்தாச்சு, திரும்ப ஏத்த முடியாதாம். பாஸ்வேர்டும் மாத்தியாச்சு.”

“ரெண்டு வயர்தான் மொதலாளி. இடம் மாத்தினா போதும்.”

“வருஷா வருஷம் பூஜை வரும்மா. ஒவ்வொரு வாட்டியும் லாரி நிக்குமா?”

பிறகு அவர் போனில் தன் தம்பியிடம் தெலுங்கில் பேசினார். பில்லுக்கு வேறு பெண்ணை உட்காரவைத்துவிட்டதாகவும், இவளை அனுப்பினால் பாவம் என்பதால் போன் எடுக்க வைக்கப்போவதாகவும் சொன்னார். எனக்குப் புரியாது என்று எண்ணம். பாதித் தெரு தெலுங்கு பேசும் இந்த ஊரில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவளுக்குத் தெலுங்கு தெரியாமல் இருக்குமா? கண்ணோடு சேர்த்துக் காதும் போய்விட்டதாக நினைத்தார்போல. அவர் போனை வைப்பதற்குள் பலகையின் வயரைச் சுருட்டிப் பைக்குள் போட்டுவிட்டேன். வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரோ “என்னம்மா அது, தட்டா?” என்றார்கள். ஆமாம் என்றேன்.

இப்போது வாசல் மேஜையில் போன் எடுக்கிறேன். பலகை வீட்டில் பீரோவின் மேல் இருக்கிறது. அண்ணன் லீவில் வந்தால் என்ன சொல்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

போன வாரம் தராசு மறுபடி ஊமையாகிவிட்டது. வாசலில் லாரி நின்றது. முதலாளி என் மேஜைக்கு வந்தார்.

“அந்தப் புரோகிராம் இன்னும் உள்ள கெடக்கோ?”

“இல்லையே மொதலாளி. அதைத்தான் வேரோட எடுத்தாச்சே.”

“பொறவு என்னவா இருக்கும்மா? நீ வந்து செத்த பாக்கியா?” என்றார், இதுவரை நான் கேட்டிராத குரலில்.

என்னால் பார்த்திருக்க முடியும். லாக்கைத் திறந்தால் போதும். என் கை ரிசீவரில் இருந்தது.

“சர்வீஸ்காரருக்குப் போன் போட்டுத் தாரேன், மொதலாளி” என்றேன்.