காய்ச்சல் வராத ஊசி

கலகெதரப் பக்கம் பிள்ளை பெற்ற பெண்களிடம் கேட்டால், உலகத்தில் இருப்பது இரண்டே ஊசி என்பார்கள். ஒன்று காய்ச்சல் வருகிற ஊசி, மற்றது காய்ச்சல் வராத ஊசி. முதலாவதை அரசாங்கக் கிளினிக்கில் சும்மா போடுவார்கள். இரண்டாவதை டவுனில் டொக்டரின் டிஸ்பென்சரியில் காசு கொடுத்துப் போட வேண்டும். இரண்டும் தடுக்கிற நோய்கள் ஒன்றுதான் என்று டொக்டர் வாய் நோகச் சொல்வார். அவர் யாழ்ப்பாணத்து மனிதர், அரசாங்க வேலையில் ஓய்வு பெற்று இங்கேயே தங்கிவிட்டவர். சனங்கள் அவர் சொல்வதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, வெளியே மர வாங்கில் வந்து உட்கார்ந்ததும் தங்கள் சொந்த வைத்தியத்தைத் தொடங்கிவிடுவார்கள்.

நான் தம்பி வீட்டில்தான் இருக்கிறேன். தையல் மெஷின் ஒன்று போட்டுக்கொண்டு, அவர்களோடு அவர்களாக. தம்பியின் மூத்த மகளுக்கு ஒன்றரை வயது ஊசியைக் கிளினிக்கில் போட்ட அன்று பின்னேரம் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. கண் மேலே சொருகி, கை கால் வெட்டி இழுத்தது. கொஞ்ச நேரம்தான். பிறகு பிள்ளை எழும்பி பிஸ்கட் கேட்டது. ஆனால் என் தம்பியின் மனைவிக்கு அந்தச் சொருகிய கண் போகவே இல்லை. மகன் பிறந்தபோதே சொல்லிவிட்டாள்: "இவனுக்கு டொக்டர்ட ஊசிதான் மதினி. நான் பட்டது போதும்."

மகனுக்கு இரண்டு மாதம் ஆனபோது நாட்டில் டொலர் இல்லை. பெற்றோலுக்கும் கேஸுக்கும் வரிசை. டொக்டரின் ஊசி மருந்தும் வெளிநாட்டுச் சரக்குத்தானே. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இருவரும் போனோம். டொக்டர் குளிர்பெட்டியைத் திறந்தே காட்டினார். உள்ளே விறைத்த ஐஸ் பைகள் மட்டும் இருந்தன.

"பாருங்கோ பிள்ளை, என்னட்ட ஒண்டும் இல்லை. எப்ப வருமெண்டும் தெரியாது. காத்திருக்காதேங்கோ. கிளினிக்கில கொண்டுபோய்ப் போடுங்கோ."

"மூத்தவளுக்கு வலிப்பு வந்த, டொக்டர்."

"ஓம், தெரியும். அது காய்ச்சலுக்கு வந்த வலிப்பு. அக்காவுக்கு வந்ததெண்டு தம்பிக்கும் வருமெண்டில்லை. காய்ச்சலுக்கு மருந்து இருக்கு. ஊசி போடாட்டி வாற வருத்தம் சின்னப் பிள்ளையளுக்குக் கடுமை."

அவள் தலையாட்டினாள். வெளியே வந்ததும் வாங்கு பேச ஆரம்பித்தது. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து இங்கே வாழ வந்த ஒரு பெண், மடியில் பிள்ளையோடு இருந்தவள், கேட்டாள்:

"என்னங்க, ஊசி இல்லையாமே? கிளினிக்லயே போட்டுருங்க. எங்க வீட்டுல எல்லாத்துக்கும் அங்கதான். ஒரு நாளு கத்துவாங்க, மறுநாளு நம்மள கத்த வைப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த எங்கள் தெருக்காரி விடவில்லை. "அதெல்லாம் தோட்டத்துப் புள்ளைகள் தாங்கும். எங்கட புள்ளைகள் ரோஜாப்பூ மாதிரி. கொஞ்சம் பொறுத்துப் பாருங்க, சாமான் வரும்."

"ஆமாங்க, நம்ம புள்ளைங்க கருங்கல்லு" என்றாள் அந்தப் பெண், சிரிப்பு மாறாமல்.

அன்று வென்றது தெருக்காரிதான். மருந்து வந்தால் அறிவிக்கும்படி டிஸ்பென்சரியில் வேலை செய்யும் பெண்ணிடம் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தோம். வாரத்துக்கு ஒருமுறை வீடு வழியே வரும் மிட்வைஃப் மிஸ், சிங்களப் பெண், வாசலில் நின்று கேட்டாள்: "அக்கா, பபாவுக்கு இன்னும் ஊசி போட இல்ல தானே?" உள்ளேயிருந்து பதில் போனது: "டொக்டர்ட்ட சொல்லி வெச்சிரிக்கி மிஸ்." "சரி, லேட் பண்ண வேணாம், ஹொந்தே, சரியா?" அடுத்த முறை வந்தபோதும் அதே கேள்வி, அதே பதில். டொக்டரிடம் சொல்லி வைத்திருக்கிறோம் என்ற சொல் அந்த வீட்டில் ஒரு கூரை மாதிரி ஆகிவிட்டது. அதன் கீழே எல்லோரும் நிம்மதியாக இருந்தோம்.

என் தம்பிக்கு டவுனில் மிளகாய் அரைக்கும் மில். மில்காரன் இருமாவிட்டால்தான் புதினம். வேலை செய்கிறவனும் இருமுவான், அரைக்க வந்தவனும் இருமுவான், வாசலால் போகிற நாயும் தும்மிவிட்டுத்தான் போகும். "முதலாளி இருமினாத்தான் தூள் உறைப்பு" என்று வாடிக்கையாளர்கள் பகிடி பண்ணுவார்கள். அதனால் அந்த முறை அவன் இருமல் நாள் கணக்கில் நீண்டு, இருமி இருமிச் சாப்பாட்டை வாந்தி எடுக்கும் அளவுக்கு வந்தபோதும், "இந்தச் சரக்கு பொல்லாத காரம்" என்று கொச்சிக்காயைத்தான் திட்டினோம். வீட்டுக்கு வந்ததும் முகம் கழுவி, சட்டை மாற்றித்தான் மகனைத் தூக்குவான். மிளகாய்த் தூள் பிள்ளையின் கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று அவ்வளவு கவனம்.

பிறகு பிள்ளைக்குச் சளி. சாதாரணத் தடிமன் என்று நினைத்தோம். இருமல் பெரிதாக இல்லை. ஒரு காலை, பால் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை சின்னதாக நாலைந்து இருமல் இருமி அப்படியே நின்றுவிட்டான். அழவில்லை, அசையவில்லை. உதடு நாவற்பழ நிறமாகப் போனது. தாய் போட்ட சத்தத்தில் நான் தையலை விட்டு ஓடினேன். முதுகில் தட்டியதும் மூச்சு வந்தது. வந்ததும் பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை.

டொக்டர் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே இன்னொரு முறை மூச்சு நின்றது. அவர் உடனே எழும்பினார். டிஸ்பென்சரியில் காத்திருந்தவர்களைப் பார்த்து, "இண்டைக்கு ஏலாது, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று சொல்லிவிட்டுத் தன் காரையே எடுத்தார். காரில் ஏறும்போது, "ஒரு ஊசியெண்டாலும்..." என்று தொடங்கியவர், தாயின் முகத்தைப் பார்த்து அந்தப் பேச்சை விழுங்கிவிட்டார்.

கண்டி வரைக்கும் அந்த வழி எனக்கு இன்னும் முடியவில்லை. "மூச்சு நிண்டா உள்ளங்காலைச் சுண்டுங்கோ" என்று டொக்டர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தபடியே ஓட்டினார். நான் சுண்டினேன். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பாதம். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் வாகனங்கள் நெருக்கி நின்றன. அவள் யாஸீன் ஓதத் தொடங்கி, ஒரே ஆயத்தில் சிக்கி, அதையே திரும்பத் திரும்ப ஓதிக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரியில் பிள்ளையைக் கண்ணாடிக் கதவுக்குள் கொண்டுபோனார்கள். தம்பி பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். வார்டு டொக்டர், சின்ன வயதுப் பெண், சிங்களத்தில் கேட்டாள்: வீட்டில் யாருக்காவது இருமல் இருக்கிறதா? இல்லை என்று சொல்ல வாயைத் திறந்த தம்பிக்கு இருமல் வந்தது. சுவரைப் பிடித்துக் குனிந்து, முகம் சிவந்து, கடைசியில் மூச்சை உள்ளே இழுத்தபோது ஒரு கூவல் சத்தம். அந்தப் பெண் இருமல் முடியும் வரை பொறுமையாக நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: இது கக்குவான் இருமலாக இருக்கலாம். சிறு வயதில் போட்ட ஊசியின் பலம் வளர்ந்த பிறகு குறைந்துபோகும். பெரியவர்கள் இருமலோடு நடமாடுவார்கள், ஊசி போடாத குழந்தைக்குத்தான் அது உயிரோடு விளையாட்டு. எங்கள் எல்லோருக்கும் மாத்திரை எழுதித் தந்தாள்.

தம்பி என்னைத்தான் பார்த்தான். "ராத்தா, நானா புள்ளைக்கு இதக் குடுத்த?"

நான் அவன் முதுகைத் தடவிக்கொண்டு நின்றேன்.

பிள்ளைக்குக் குழாய் போட்டிருந்த நாட்களில் ஒரு பகல், தம்பி மனைவியின் போன் அடித்தது. டிஸ்பென்சரியில் வேலை செய்யும் பெண். டொக்டர் எங்களைக் காரில் கொண்டுவந்த அன்று அவள் லீவு, இங்கே நடந்ததை அவளுக்கு யாரும் சொல்லவில்லை போலும். சந்தோஷமான குரல், எனக்கே கேட்டது: "ஊசி வந்திரிச்சி, நாளைக்கே புள்ளையக் கொண்டுவாங்க." இவள், "சரி மிஸ்" என்றாள். "வாறோம்" என்றும் சொன்னாள். போனை மடியில் வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிகிற நேரம், பிள்ளை மவுத்தாகிவிட்டான். அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கினார்கள். தம்பி அவனை ஒரு கையில் சுமந்துகொண்டு போனான், அவ்வளவு சின்ன ஜனாஸா.

வந்த பெண்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். சொர்க்கத்துப் பிள்ளை, உம்மாவையும் வாப்பாவையும் கைபிடித்துக் கூட்டிப்போகும் என்றார்கள். எங்கள் தெருக்காரிதான் எல்லோரையும்விட அதிகம் அழுதாள். அவள் வீட்டுப் பேரப்பிள்ளைக்கும் காய்ச்சல் வராத ஊசிக்குத்தான் காத்திருந்தார்கள். மறு கிழமை கிளினிக்கில் முதல் ஆளாக நின்றது அவள்தானாம்.

புருஷன் பெண்சாதி இருவரும் சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தாலும் பரவாயில்லை என்று எனக்குத் தோன்றும். "என்ட இருமல்தான்" என்று அவன் சொல்வான். "நான்தான் கிளினிக்குக்கு கொண்டுபோகாத" என்று இவள் சொல்வாள். குற்றத்தை ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கவே இல்லை.

அந்த வருடம் மூத்தவளுக்குப் பள்ளிக்கூடம் சேர முன் போடுகிற ஊசி வந்தது. டொக்டரிடம் போவோமா என்று நான் கேட்டேன். "இல்ல மதினி, கிளினிக்" என்றாள். மிட்வைஃப் மிஸ் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள். குத்தியபோது மகள் கத்தினாள், தாய் கண்ணை மூடவில்லை.

வீட்டுக்கு வந்து பரசிட்டமோல் போத்தலையும் ஈரத் துணியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு மகளின் அருகிலேயே உட்கார்ந்தாள். நெற்றியில் கை வைப்பாள். கழுத்தில் வைப்பாள். எழுந்து நடப்பாள், திரும்பி வந்து வைப்பாள். மகளோ கை வலியை மறந்து முற்றத்தில் விளையாட ஓடினாள். இவள் அங்கேயும் போய் நெற்றியைத் தொட்டாள். மாலை மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அப்படித்தான்.

"காய்ச்சல் வரல்ல மதினி" என்றாள் என்னிடம். நல்லதுதானே என்று சொல்லப்போன நான் அவள் முகத்தைப் பார்த்தேன். யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது அது.

"ஒண்டுமே வரல்ல."