ஏழாம் சுற்றறிக்கையும் அக்காவின் கால்களும்

2021 அக்டோபர் 11, திங்கட்கிழமை, மாலை ஐந்து நாற்பதுக்கு, இக்குடியிருப்பின் முதன்மை வாயிலில், மூன்றாம் மாடியில் வசிக்கும் என் அக்கா தெருவில் கால் வைக்க விடப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டார். அறுபது வயதைக் கடந்தோர் வாயிலைத் தாண்டக் கூடாது என்னும் சங்கத்தின் ஏழாம் சுற்றறிக்கை அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. அந்தச் சுற்றறிக்கை அன்றைக்கு முப்பத்தாறு நாட்கள் முன்பே ரத்தாகியிருந்தது. இக்குற்றத்தில் எதிரிகள் மூவர்: குடியிருப்போர் சங்கம், அக்காவின் மகன், நான்.

சங்கத்தின் ஆண்டு மலருக்கு, ‘பெருந்தொற்றுக்குப் பின் நலமான முதுமை’ விருதைப் பெறும் அக்காவின் வாழ்க்கைக் குறிப்பை ஒரு பக்க அளவில் எழுதித் தரும்படி செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார் (கடிதம், 2024 பிப்ரவரி 12, என் கோப்பில் 88ஆம் தாள்). “நல்லதா நாலு வார்த்தை எழுதுங்க சார். படிச்சா மத்த பெரியவங்களுக்கும் ஒரு தெம்பு வரணும்” என்று வாய்மொழியாகவும் சொன்னார். அந்தக் குறிப்பு இதுவே.

அக்கா குடிநீர் வாரியத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் மீட்டர் கணக்கெடுத்தவர். அவருக்கு ஒதுக்கப்பட்டது பன்னிரண்டாம் தடம். நாளொன்றுக்கு நூற்று நாற்பது வீடுகள். கொக்கியால் இரும்பு மூடியைத் தூக்க வேண்டும், குந்தி உட்கார வேண்டும், கண்ணாடியைத் துணியால் துடைத்து எண்ணைப் படிக்க வேண்டும், எழுந்து அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டும். “பள்ளிக்கூடத்துல போடாம தப்பிச்ச தோப்புக்கரணத்தை எல்லாம் வாரியத்துல வட்டியோட போட்டுட்டேன்” என்பார். தெருக்காரர்களுக்கு அவர் ‘ரீடிங்கம்மா’. முப்பத்தாறு வயதில் கணவரை இழந்தவர், அந்த நடையை வைத்தே மகனைப் படிக்க வைத்தார்.

வீடு பூட்டியிருந்தால் பதிவேட்டில் ‘க.பூ.’ என்று எழுதுவார்கள். கதவு பூட்டு என்பதன் சுருக்கம் அது. ஒரே வீட்டுக்கு மூன்று முறை தொடர்ந்து அப்படி எழுத நேர்ந்தால், அண்டை வீட்டில் விசாரித்துத் தனி அறிக்கை தர வேண்டும் என்பது வாரிய விதி. மற்றவர்கள் அறிக்கையை மேசையிலிருந்தே எழுதினார்கள். அக்கா விசாரித்தார். அப்படி விசாரிக்கப் போய், குளியலறையில் இரண்டு நாட்களாக விழுந்து கிடந்த ஒரு முதியவரைக் கதவை உடைத்து வெளியே எடுக்கவைத்தார். “பூட்டியிருக்குன்னா உள்ள யாரும் இல்லைன்னு அர்த்தம் இல்லடா” என்று அன்று என்னிடம் சொன்னார்.

2017இல் ஓய்வு பெற்ற மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே தடத்தில் நடக்கத் தொடங்கினார். கையில் பதிவேடு இல்லை என்பதைத் தவிர வேறு மாற்றமில்லை. மகன் கிண்டல் செய்தான்.

“அம்மா, வாரியத்துல உன்னை ரிலீவ் பண்ணிட்டாங்க, ஞாபகம் இருக்கா?”

“அவங்க பண்ணிட்டாங்கப்பா. என் காலு இன்னும் கையெழுத்து போடலையே.”

ஏழாம் சுற்றறிக்கை 2020 ஜூன் 24 அன்று ஒட்டப்பட்டது. அன்று அது தவறில்லை. எங்கள் பிரிவில் மட்டும் அந்த மாதம் இருவர் இறந்தார்கள். முதியோர் வெளியே செல்வதானால், ‘பொறுப்பாளர்’ ஒருவர் அனுமதிச் சீட்டில் கையெழுத்திட வேண்டும். இரண்டு நாள் கழித்து அக்காவின் மகன் தன் பங்குக்குச் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தான்: “என் தாயாரை எக்காரணம் கொண்டும் வெளியே அனுப்ப வேண்டாம்.” அக்கடிதத்தில் முடிவுத் தேதி எதுவும் இல்லை.

அக்கா மூன்றாம் மாடி நடைபாதையில் நடந்தார். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நாற்பத்தொரு அடி. எதிர்வீட்டார் செருப்புச் சத்தம் பற்றிப் புகார் செய்தார்கள். அக்கா செருப்பைக் கழற்றினார். பிறகு, வயதானவர் மூச்சு வாங்கிக்கொண்டு கதவோரம் போவது குழந்தைகளுக்கு நல்லதில்லை என்று புகார் வந்தது. அக்கா வீட்டுக்குள் வந்தார். கூடத்திலிருந்து சமையலறைக்குப் பதினான்கு அடி. மருமகள் கூடத்தில் கணினியை வைத்து அலுவலகக் கூட்டங்களை நடத்திக்கொண்டிருந்தாள். “அத்தை, கோவிச்சுக்காதீங்க, என் பின்னாடி நிழல் மாதிரி போய்ட்டு போய்ட்டு வர்றீங்க. மீட்டிங்ல எல்லாரும் அது யாருன்னு கேக்கறாங்க” என்றாள். அக்கா உட்கார்ந்துவிட்டார்.

பதினைந்து மாதங்கள் பொறுத்தவர், மேலே சொன்ன அக்டோபர் 11 அன்று, பழைய வேலைக்காலணிகளை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி வந்தார். காவலாளி குறுக்கே நின்றார்.

“சீட்டு எங்கம்மா?”

“என்ன சீட்டு? காலு இருக்கு பாரு, ரெண்டு. எண்ணிக்கோ.”

“பையன் கையெழுத்து வேணும்மா. என் வேலைக்கு வேட்டு வெச்சிடாதீங்க.”

தரைத்தளத்தில் தனியே வசிக்கும் நான் அப்போது வேலையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தேன். எனக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. சுற்றறிக்கை என்னைத் தொடாது.

“வாடா தம்பி, நல்ல நேரத்துல வந்தே. இந்தப் புண்ணியவான்கிட்ட நீயே சொல்லு. முக்கு வரைக்கும் போயிட்டுத் திரும்பிடறேன்.”

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். சுற்றறிக்கைகளைப் படித்துப் படித்தே எழுதக் கற்றவன். பேருந்துப் பணிமனைக் கிடங்கில் முப்பத்தேழு ஆண்டுகளாகச் சீட்டில்லாமல் ஒரு திருகாணியைக்கூட வெளியே விட்டதில்லை. “விதி இருக்குக்கா” என்றேன்.

“யாரு எழுதினது?”

“சங்கம். பிரதி என்கிட்ட இருக்கு.”

“அதானே. உன்கிட்ட பிரதி இல்லாத விதி ஏது? எவனாவது எழுதிட்டாப் போதும், உனக்கு அது சாமி வாக்கு.”

அக்கா திரும்பி மின்தூக்கியை நோக்கி நடந்தார். காவலாளி நோட்டில் ‘திருப்பி அனுப்பப்பட்டார்’ என்று எழுதினார். பக்கத்தில் சாட்சிக்கான கட்டம் காலியாக இருந்தது. யாரும் கேட்காமலே அதில் நான் கையெழுத்திட்டேன். காலிக் கட்டத்தைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

அதன்பின் அக்கா வெளியே போக வேண்டும் என்று ஒருமுறையும் கேட்கவில்லை. 2022 இறுதியில் சுவரைப் பிடித்து நடந்தார். அடுத்த ஆண்டு நாற்காலியை முன்னே தள்ளிக்கொண்டு நடந்தார். பயன்படுத்தாததால் தொடைத்தசை கரைந்துவிட்டது என்று இயன்முறை மருத்துவர் எழுதினார் (தாள் 71). தினமும் வெளியே நடந்தால் ஓரளவு மீளலாம், ஓராண்டு கடந்துவிட்டால் சொல்வதற்கில்லை என்றும் அதே தாளில் உள்ளது. தேதி: 2024 ஜனவரி 9.

விருதுக்கான தகுதிகளைச் சங்கம் இவ்வாறு வகுத்திருக்கிறது: தொற்று வந்திருக்கக் கூடாது, கீழே விழுந்திருக்கக் கூடாது, மருத்துவமனையில் சேர்ந்திருக்கக் கூடாது. மூன்றிலும் முழு மதிப்பெண் பெற்றவர் அக்கா ஒருவரே. நாற்காலியில் இருப்பவர் விழுவதற்கு அதிக வாய்ப்பில்லை.

குறிப்பு எழுத உதவும் என்று செயலாளர் பழைய கூட்டப் பதிவேட்டை என்னிடம் கொடுத்தார். எதையும் முதல் பக்கத்திலிருந்து படிப்பது என் வழக்கம். 2021 செப்டம்பர் 5, பொருள் ஒன்பது: “தொற்று தணிந்தமையால் ஏழாம் சுற்றறிக்கை இன்றுமுதல் நீக்கப்படுகிறது. வாட்ஸ்அப் குழுவில் தெரிவிக்கவும்.” குழுவில் வீட்டுக்கு ஓர் எண். என்னிடம் இருப்பது பொத்தான் கைபேசி. மூன்றாம் மாடி வீட்டின் எண் அக்காவின் மகனுடையது, எனக்கு மருமகன். அச்செய்திக்குக் கீழே அவன் கட்டைவிரலை உயர்த்தியிருப்பதைச் செயலாளரே தம் கைபேசியில் எனக்குக் காட்டினார்.

காவலாளியிடம் கேட்டேன். “உங்க மருமகன்தான் சார், எங்கம்மாவுக்கு மட்டும் பழையபடியே இருக்கட்டும்னாரு. வாடகை வீட்டு ஒட்டடை மாதிரி நான், யாரு வேணா தட்டி விட்டுடலாம். யாரு சொன்னாலும் கேட்டுக்கணும்.”

செயலாளர் இப்படிச் சொன்னார்: “விதி ரத்தாயிடுச்சு சார். அதுக்கப்புறம் வீட்டுல நிறுத்தி வெச்சா அது குடும்ப விஷயம். சங்கம் மூக்கை நுழைக்க முடியுமா?”

மூன்றாம் மாடிக்குப் போனேன். மருமகன் மறுக்கவில்லை.

“மாமா, நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. இவங்க எந்தத் தெருவுல எந்த மூடியைத் தூக்கிட்டு இருக்காங்களோன்னு தினம் வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டு இருக்க முடியுமா? ஒரு தும்மல் உண்டா இத்தனை வருஷத்துல? விருது சும்மாவா கொடுக்கறாங்க?”

“உங்கம்மாகிட்ட விதி போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா?”

“நீங்க சொன்னீங்களா? அன்னைக்கு வாசல்ல திருப்பி அனுப்பினது யாரு? சாட்சிக் கையெழுத்து யாருது மாமா, என்னுதா?”

அக்கா பக்கத்து அறையில்தான் இருந்தார். கதவு திறந்தே இருந்தது.

2024 மார்ச் 3, ஞாயிற்றுக்கிழமை காலை, அக்காவை நானே கீழே அழைத்து வந்தேன். மின்தூக்கியிலிருந்து வாயிலுக்கு அறுபத்திரண்டு அடி. இருபத்தாறு நிமிடங்கள் ஆயின. காவலாளி கதவை அகலத் திறந்துவிட்டார். எதிரே தெரு வெயிலில் கிடந்தது. அக்கா கதவின் இரும்புச் சட்டத்துக்கு இப்பால் நின்றுவிட்டார்.

“சீட்டு?” என்று அக்காவே கேட்டார்.

“அதெல்லாம் வேணாம்மா. நீங்க பாட்டுக்குப் போங்க.”

“அன்னைக்கு வேணும்னே. இன்னைக்கு வேணாங்கறே. திரும்பி வரும்போது உள்ள விடலைன்னா நான் எங்கப்பா போய் நிப்பேன்?” பிறகு என்னைப் பார்த்தார். “எழுத்துல இருக்காடா?”

பொருள் ஒன்பதின் பிரதியைக் கொடுத்தேன். கையை நீட்டித் தூரத்தில் பிடித்து, மீட்டர் படிப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார்.

“இது சங்கம் எழுதினது. சங்கம் ரத்து பண்ணிடுச்சு, சரி. என்னை வெளிய விடாதேன்னு என் பையன் எழுதினது எங்கே ரத்தாச்சு?”

அவர் கேட்டது சரியான கேள்வி. வந்த வழியே திரும்பினோம்.

அன்று மாலையே என் கையால் ஓர் அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டு போனேன். “பொறுப்பாளர்னு போட்டிருக்கற எடத்துல சாட்சி கையெழுத்து போடக் கூடாதுடா” என்று மடித்துத் திருப்பித் தந்துவிட்டார். செயலாளரிடம் கேட்டேன், இல்லாத விதிக்கு எப்படி அனுமதி எழுதுவது என்றார். மருமகனிடம் கேட்டேன்.

“நீங்க வந்து கேட்டப்புறம் வாயால நூறு தடவை சொல்லிட்டேன் மாமா, போம்மான்னு. எழுதியெல்லாம் தர முடியாது. நாளைக்கு அவங்க விழுந்து இடுப்பை முறிச்சுக்கிட்டா, அந்தப் பேப்பரைத் தூக்கிட்டு முதல்ல வர்ற ஆளு நீங்கதான்.”

அதில் பொய்யில்லை. வருவேன்.

விருதோடு ஒரு ஜோடி நடைப்பயிற்சிக் காலணி தருகிறார்களாம். கால் அளவு கேட்டுப் போன வாரம் ஒருவர் மேலே வந்தார். அக்கா “ஏழு” என்றார். அவர் குறித்துக்கொண்டு, “நல்லா நடங்கம்மா” என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

ஆகவே மருமகனே, இம்மலரை நீ அரங்கின் முதல் வரிசையில் அமர்ந்து புரட்டிக்கொண்டிருப்பாய். சங்கத்தின் குற்றத்தைச் சங்கம் பார்த்துக்கொள்ளட்டும். என் குற்றம் மேலே என் கையெழுத்தோடு இருக்கிறது. உன்னிடம் நான் கேட்பது ஒன்றே. 2020 ஜூன் 26 தேதியிட்ட உன் கடிதத்தை ரத்து செய்கிறாயா, இல்லையா? ரத்து செய்வதற்கான வாசகத்தைத் தட்டச்சு செய்து வாயில் மேசையில் வைத்திருக்கிறேன். தேதிக்கும் உன் கையெழுத்துக்கும் மட்டும் இடம் விட்டிருக்கிறேன். இல்லை என்பது உன் பதிலானால் அதையும் எழுதிக் கொடு. அதைப் படிக்கும் உரிமை உன் தாய்க்கு உண்டு. மருத்துவர் சொன்ன ஆண்டில் மூன்றரை மாதங்கள் போய்விட்டன. 2024 ஏப்ரல் 21, விழா நாள், மாலை ஐந்து மணிக்குள் உன் பதில் எழுத்து மூலமாக, கையெழுத்துடன், என் கைக்கு வந்து சேர வேண்டும். வாயால் சொல்வது ஏற்கப்படாது.