தவமலருக்குக் கிடைத்த தேதி

எங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் நாலு வருடமாகக் குடியிருக்கும் தவமலரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. தபால்காரர் வந்தால் பயம். வாசலில் தெரியாத வேன் நின்றால் பயம். தெருமுனையில் சைரன் கேட்டால் கீழே பட்டென்று விளக்கு அணையும். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. இந்தப் பிஸ்கட்டவே ஊரில் எந்தப் போலீஸ்காரன் இவளைத் தேடி வரப்போகிறான் என்று என் வீட்டுக்காரர் பசுபதியிடம் முணுமுணுத்திருக்கிறேன். விவரம் தெரியாமல் முணுமுணுப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீன் வரிசையில்தான் பழக்கமானாள். சொந்த ஊர் வவுனியாப் பக்கம். இங்கே ஒரு டேகேரில் சமையல் வேலை. புருஷன் ஊரிலேயே நோயில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன் நிருஜன் அவளுடைய சின்னம்மா வீட்டில் வளர்கிறான். விட்டு வந்தபோது அவனுக்குப் பத்து வயது. இப்போது மீசை வைத்திருக்கிறான், அதைச் சின்ன போன் திரையில்தான் அவள் பார்த்திருக்கிறாள்.

உயிருக்கு ஆபத்து என்று இந்த நாட்டில் அடைக்கலம் கேட்டு எழுதிக் கொடுத்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. அடைக்கலம் கொடுத்தால் மகனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். மறுத்தால் திருப்பி அனுப்பும் வேலையைத் தொடங்கிவிடுவார்கள். ஆனால் ஒன்பது வருடமாகியும் ஒரு விசாரணைக்குக்கூட அவளைக் கூப்பிடவில்லை. ரேஷன் கடையில்கூட இல்லையென்றாவது சொல்லி அனுப்புவார்கள்.

நான்தான் அவளை விஷாகாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். விஷாகா என் தோழி ஷ்யாமளாவின் மகள், எடிசனில் வக்கீல். நாம் பேசுகிற தமிழ் எல்லாம் புரியும், பதில்தான் இங்கிலீஷில் வரும். ஒரு மனுஷியை இத்தனை காலம் காக்க வைப்பது அவளுடைய உரிமையைப் பறிப்பதாகும் என்று அவள் கோர்ட்டில் புகார் போட்டாள். சில மாதங்களில் அரசாங்கத் தரப்பு வக்கீலே சமாதானத்துக்கு வந்தார்.

"ஆன்ட்டி, கிரேட் நியூஸ்! செட்டில் பண்றாங்க" என்றாள் விஷாகா. "ரெண்டு மாசத்துக்குள்ள இன்டர்வியூ. அப்புறம் சீக்கிரம் டிசிஷன். வீ ஜஸ்ட் வித்ட்ரா தி கம்ப்ளெய்ன்ட்."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் தவமலரின் முகம் வெளுத்துக் கிடக்கிறது.

"வாபஸ் வாங்கச் சொல்லினமோ?" என்றாள். "ஏலாது தங்கச்சி. நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

அன்றைக்குத்தான் முழுக் கதையும் சொன்னாள். ஊரில் அவளுடைய தம்பியைப் போலீஸ் விசாரணைக்கு என்று கூட்டிப்போனார்கள். வழக்கு ஆண்டுக்கணக்கில் தவணை மேல் தவணையாக இழுத்தது. அவள் மனித உரிமை அலுவலகத்தில் போய்ப் புகார் கொடுத்தாள். ஒருநாள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம், தேத்தண்ணிகூடக் குடித்தார்களாம். புகாரை வாபஸ் வாங்கினால் தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான் என்றார்கள். அவள் வாங்கினாள். தம்பி வரவில்லை. அதற்குப் பிறகு அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்கவும் அவள் கையில் ஒரு புகார் இல்லாமல் போய்விட்டது. அதே ஆட்கள் மறுபடி வந்தார்கள், இந்த முறை அவளைத் தேடி. அதன் பிறகுதான் நாட்டைவிட்டுக் கிளம்பினாள்.

விஷாகா மெதுவாக, தமிழில் தட்டுத் தடுமாறிச் சொன்னாள். "ஆன்ட்டி, இது வேற. இந்த அக்ரிமென்ட் ஜட்ஜ் கிட்ட இருக்கும். அவங்க செய்யலைன்னா நாம திரும்பப் போகலாம்."

"அவையும் அப்பிடித்தான் சொன்னவை" என்றாள் தவமலர், வீட்டுக்கு வந்த அந்த ஆட்களைச் சொல்லி.

ஒரு வாரம் அவள் கையெழுத்துப் போடவில்லை. நான் கத்திப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் அவளாகவே படியேறி வந்தாள். சின்னம்மா வீட்டுக்கு யாரோ வந்து, நிருஜனின் தாய் எங்கே, அவன் என்ன படிக்கிறான் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ரெண்டு பயத்தில பெரிசு எது எண்டு பாத்தன் அக்கா" என்றாள். "வாங்கோ, வச்சிட்டு வருவம்."

கையெழுத்தானது. இன்டர்வியூ தேதியும் வந்தது. இனி நல்லபடியாக முடியும் என்று நான் நினைத்திருந்த நேரத்தில், என் வீட்டுக்காரர் பஞ்சாங்கத்தைத் திறந்தார்.

பசுபதி பெரிய ஃபார்மா கம்பெனியில் டைரக்டர். ஆனால் ஒரு ஸ்க்ரூ டிரைவர் வாங்கப் போனாலும் ராகுகாலம் பார்க்கிற ஆள். கோயிலில் தவமலர் பேருக்கு அர்ச்சனை பண்ணிப் பண்ணி அவளுடைய நட்சத்திரம் இவருக்கு மனப்பாடம்.

"திருவோணம், மகர ராசி. அன்னிக்கு உங்களுக்கு சந்திராஷ்டமம் ஆச்சேம்மா" என்றார், காபியை உறிஞ்சிக்கொண்டே. "வாயைத் திறந்தாலே வம்பு வர்ற நாள். வேற டேட் கேட்டுப் பாக்கலாமே."

தவமலர் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். "ஓம் அண்ணை, அட்டமத்துச் சந்திரனில ஒண்டும் செய்யக்கூடாது. அம்மாவும் சொல்லுறவா." என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் விஷாகாவுக்குப் போன் போட்டு, தேதியைப் பின்னுக்குத் தள்ளச் சொல்லிவிட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கினேன். "தாமதம் பண்ணிட்டாங்கன்னு கேஸ் போட்டது யாரு? நாமதானே? இப்போ நாமளே தள்ளிப் போடுங்கன்னு கேட்டா சிரிக்க மாட்டாங்க?"

சிரிப்பதோடு முடிகிற விஷயம் இல்லை என்று விஷாகா ஸ்பீக்கரில் சொன்னாள். நம் பக்கத்திலிருந்து தேதியை மாற்றினால் ஒப்பந்தம் போயிற்று. புகாரும் போயிற்று. மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்க வேண்டும். "ஐ ஹேவன்ட் சென்ட் எனிதிங் யெட், ஆன்ட்டி. ஃப்ரைடே வரைக்கும் டைம் இருக்கு. ப்ளீஸ் திங்க்."

பசுபதிக்கு முகம் செத்துவிட்டது. "நம்ம விசா ஸ்டாம்பிங் அன்னிக்குக்கூட சந்திராஷ்டமம்தான். கிடைக்கலையா என்ன?" என்று ஒரு போடு போட்டார். சுத்தப் பொய். அன்றைக்கு நாள் பார்த்து, தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வீட்டைவிட்டுக் கிளம்பினார்.

தவமலர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "கடைசிக்குப் போனா என்ன அக்கா?" என்றாள். "வரிசையில நிக்குமட்டும் ஒருத்தரும் என்னை இல்லையெண்டு சொல்லேலாதுதானே. உள்ளுக்க போனா சொல்லிப்போடுவினம். போன இடத்திலயே பிடிச்சு வைக்கினமாம், வாட்ஸப்பில எல்லாம் வருது. பிறகு என்ர பிள்ளைக்கு ஆர் இருக்கினம்?"

ஒன்பது வருடத் தாமதம் இவளைத் தின்கிறது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அதற்குள்ளேயே இவள் ஒளிந்துகொண்டிருந்தாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

அன்றைக்கு நிருஜனிடம் போனில் அவளே சொன்னாள், தேதியைத் தள்ளிப் போடலாம் என்று பார்க்கிறேன் என்று. அவன் திட்டவில்லை, அழவில்லை. போனை வைத்துவிட்டான். மறுநாள் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. அதற்கு மறுநாளும் எடுக்கவில்லை. சின்னம்மாவைக் கேட்டால், அறைக்குள்ளேயே கிடக்கிறான், சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை என்றாள். வெள்ளிக்கிழமை காலையில் தவமலர் டேகேருக்குப் போகவில்லை. எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"போவம் அக்கா" என்றாள். "விஷாகாவுக்குச் சொல்லுங்கோ."

இன்டர்வியூ நடக்கும் அலுவலகத்துக்கு மொழிபெயர்க்கிற ஆளை நாமேதான் கூட்டிப்போக வேண்டும். அதனால் நான் போனேன். சொன்னதைச் சொன்னபடி சொல்வேன், கூட்டவோ குறைக்கவோ மாட்டேன் என்று சத்தியம் வாங்கினார்கள். என்னைப் போல வாயாடிக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. உள்ளே நுழைந்ததும் வாசலில் நின்ற காவலாளியின் இடுப்பில் துப்பாக்கியைப் பார்த்தேன். நானே பையில் பாஸ்போர்ட் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன். இருபது வருடமாக இந்த நாட்டுப் பிரஜையாக இருப்பவள் நான்.

அதிகாரி ஒரு நடுத்தர வயதுப் பெண். கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. மணிக்கணக்கில் கேட்டாள். கடைசியில்தான் அந்தக் கேள்வி வந்தது. "உங்கள் நாட்டில் கொடுத்த புகாரை நீங்களே திரும்பப் பெற்றிருக்கிறீர்கள். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்பதாலா?"

ஆம் என்று சொன்னால் எல்லாம் முடிந்தது என்று எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியுமா என்று எனக்குத் தெரியாது. கேள்வியைத் தமிழில் சொல்லிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தம்பியை விடுறம் எண்டு சொன்னவை" என்றாள் தவமலர். "நான் நம்பேல்ல. நம்பாமத்தான் கையெழுத்து வச்சனான். வைக்காம விட்டு அவன் செத்தா, அது என்னாலதானே?"

அதை இங்கிலீஷில் சொல்லும்போது என் குரல் உடைந்தது. அதிகாரி தண்ணீர் பாட்டிலை என் பக்கம்தான் நகர்த்தினாள்.

ஐந்து வாரம் கழித்து விஷாகா போன் பண்ணினாள். அடைக்கலம் கிடைத்துவிட்டது. விஷாகாவே அழுதாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. பசுபதி நேரங்காலம் பார்க்காமல் ரவையை வறுக்க ஆரம்பித்தார், கேசரிக்கு. யாரை எல்லாம் கூப்பிடலாம், கோயிலில் என்ன செய்யலாம் என்று நான் மளமளவென்று அடுக்கிக்கொண்டிருந்தேன்.

தவமலர் கீழே மகனோடு பேசிக்கொண்டிருந்தாள். சத்தமே இல்லை. ரொம்ப நேரம் கழித்து மேலே வந்தாள். கண் சிவந்திருந்தது. நேரே போய்ச் சமையலறை ஜன்னலை இழுத்துச் சாத்தினாள்.

"என்ன சொன்னான் பையன்?" என்றேன்.

என் காதருகே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "நான் பிளேன் ஏறுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா எண்டவன்."

பசுபதி அடுப்பை அணைத்தார். பிறகு நானே போய் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தேன்.