நாலு மணித்தியாலத்துக்குப் பேரம்

மாத்திரை செய்வது லேசு. ஒரு மாத்திரையை விட்டு அடுத்த மாத்திரைக்கு மாறுவதுதான் உயிரை எடுக்கும். அச்சைக் கழற்றி, மெஷினைக் கழுவி, குவாலிட்டி மிஸ் வந்து பார்த்துக் கையெழுத்து வைக்கும்வரை ஒன்றும் ஓடாது. எங்களுக்கு நாலு மணித்தியாலம் போகும். வீண் நேரத்தை வெட்டும் 'லீன்' வகுப்புக்குப் போய்வந்த டைரக்டர், ஒரு மணித்தியாலத்தில் முடி என்றார். இங்கே சூப்பர்வைசராக வருமுன் புறக்கோட்டைச் சந்தையில் மூட்டை தூக்கிப் பேரம் படித்தவன் நான். கத்திக் கத்தி இரண்டில் நிறுத்தினேன். மாதம் முடியுமுன் அது நடக்காவிட்டால் மெஷினை விற்றுவிடுவாராம். அதை நம்பி மட்டக்குளியிலிருந்து எட்டுப் பெண்கள் பொதி கட்ட வருகிறார்கள். தொழிற்சாலையில் கிடந்து வேகும் சகோதரங்களே, பிறகு நான் பட்டதைக் கேளுங்கள்.

ஸ்டொப் வோச்

மெஷின் ஓட்டும் ரியாஸ் நானாவுக்குப் பக்கத்தில் ஸ்டொப் வோச்சோடு நின்றேன். வழக்கத்தைவிட அரை மணித்தியாலம் கூடப் போனது. "என்ன நானா, விளையாட்டா?" என்று பாய்ந்தேன்.

"நீங்க பாத்துட்டு நிக்கிறீங்களே தம்பி, அதான் எல்லாத்தையும் ரெண்டு தரம் கழுவினேன்."

ஸ்பானர்

ஆறு ஸ்பானருக்காக நானா ஆறு தரம் ஸ்டோருக்கு நடக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு போர்ம் நிரப்ப வேண்டும். ஸ்டோர்காரர் பெரேரா மாத்தையாவோடு ஒரு காலை முழுக்க மல்லுக்கட்டினேன். கடைசியில் மனம் இளகினார்.

"ஹரி, ஹரி, சரி தம்பி, ஒரு போர்ம் போதும். அதில ஆறு போட்டோ கொப்பி மட்டும் தாங்க."

சிவப்பு லேபல்

தேவையில்லாத சாமானுக்குச் சிவப்பு லேபல் ஒட்டு என்பது லீன் பாடம். மூலையில் கிடந்த பழைய தள்ளுவண்டியில் ஒட்டி, கையெழுத்தும் வைத்தேன். மருந்துத் தொழிலில் சிவப்பு என்றால் 'நிராகரிக்கப்பட்டது' என்று எனக்கா தெரியாது? அன்றைக்கென்று புத்தி புல் மேயப் போய்விட்டது.

நானா அடுத்த மாத்திரைக்கான அச்செல்லாம் அந்த வண்டியில் அடுக்கிவைத்தார். குவாலிட்டி மிஸ் சிவப்பைக் கண்டார். வண்டியை அச்சோடு தள்ளிக்கொண்டுபோய்க் கம்பிக் கூண்டுக்குள் பூட்டினார். விசாரணை முடியாமல் திறக்க மாட்டாராம். அரை நாள் போச்சு. மிஸ்ஸிடம் தொண்டை கிழியக் கத்தினேன்.

"கத்தாதீங்க. யாரில பிழை எண்டு எழுதோணும். லேபல்ல உங்கட கையெழுத்துத்தான் இருக்கு."

கடைசி நாள்

மாதக் கடைசி. நானா பறந்தார், ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் மெஷின் பளபளவென்று நின்றது. இனி மிஸ்ஸின் கையெழுத்து ஒன்றுதான். மிஸ்ஸோ மேல்மாடியில், டைரக்டரோடு லீன் கூட்டத்தில். கதவைத் தட்டினேன், குழப்ப வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். எட்டுப் பெண்களும் கைகட்டி உட்கார்ந்திருந்தார்கள். சரியாக நாலாவது மணித்தியாலத்தில் டைரக்டர் இறங்கி வந்தார். "மெஷின் ஏன் சும்மா நிக்குது? விக்கத்தான் வேணும்!"

நான் வாயைத் திறக்குமுன், பொதி கட்டும் மேரி அக்கா எழும்பினார்.

"சேர், நேரத்தை எப்பிடி மிச்சம் பிடிக்கிறது எண்டு நீங்க மிஸ்ஸோட கதைச்சு முடியுமட்டும் காத்துக்கொண்டிருந்தனாங்கள்."

மெஷினை விற்கவில்லை, மிஸ்ஸின் மேசையும் இப்போது அதற்குப் பக்கத்தில்தான். என்ன, எங்கள் மெஷினில் விதவிதமாக மாத்திரை ஓடினாலும் இந்தப் பேரத்தில் ஏறிய என் பிரஷருக்கு மட்டும் இன்னும் வேறு கொம்பனி மாத்திரைதான் போடுகிறேன்.